அரசு வீட்டு மானியம்: பட்ஜெட் எண்ணுக்கும் பேஸ்மட்டத்துக்கும் நடுவே

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தபோது எல்லோர் கண்ணிலும் பட்டவை மூன்று எண்கள். 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். தொலைக்காட்சி விவாதங்களும் இந்த மூன்றையே சுற்றி வந்தன. ஒரு குறிப்பிட்ட குடிசையில் இருப்பவருக்கு வீடு கிடைக்குமா, கிடைத்தால் அவர் கடனாளியாகாமல் கட்டி முடிப்பாரா என்பதை இந்த எண்கள் சொல்லாது. அதை முடிவு செய்பவை அரசாணையின் உள்பக்கங்களில் இருக்கும் விதிகள்: யார் பட்டியலில் இருக்கிறார், நிலம் யார் பெயரில் இருக்கிறது, பணம் எந்தக் கட்டத்தில் வரும். வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கு வரும் சாலை, விளக்கு, மயான நிதிக்கும் இதே கதைதான்.

முதலில் தொகையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கனவு இல்லத்தின் 3.50 லட்சத்தில் அரசு நேரடியாகத் தருவது 3.10 லட்சம். மீதி எங்கே? பயனாளி தன் வீட்டு வேலையில் 90 நாள் உழைத்தால் அதற்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி உண்டு என்பது அப்போதைய கணக்கு. 2024-25-ல் தமிழ்நாட்டுக் கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். 90 நாளைக்கு 28,710. கழிப்பறைக்கு தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000. இரண்டையும் சேர்த்தால் நாற்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. அந்தக் கூலி நேரத்துக்கு வந்தால்தான் 3.50 லட்சம் என்பது உண்மையாகும். 2024 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் நூறு நாள் கூலி நிலுவையில் கிடந்ததை கிராமத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டின் அளவு 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு ஓடோ, தீப்பிடிக்காத வேறு கூரையோ பயனாளியின் விருப்பம். 3.10 லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 861 ரூபாய் வருகிறது. எந்த ஊர்க் கொத்தனாரிடமும் இந்த ரேட்டைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஒப்பந்தக்காரரிடம் விட்டால் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்பார்கள். சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து சலுகை விலையில் கிடைப்பதும், வீட்டு ஆட்களே மண் சுமந்து தண்ணீர் அடிப்பதும்தான் அந்த வித்தியாசத்தை ஓரளவு குறைக்கின்றன.

மத்திய அரசின் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் கணக்கு இன்னும் இறுக்கமானது. 1985-86-ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தை மாற்றியமைத்து 2016-ல் இது வந்தது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி. 1.20 லட்சம் என்று 2016-ல் வைத்த தொகை, 2024-ல் இன்னும் 2 கோடி வீடுகளுக்குத் திட்டத்தை நீட்டித்தபோதும் மாறவில்லை. எட்டு வருடத்தில் செங்கல், மணல், கம்பி எல்லாம் எங்கே போய்விட்டன என்பதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தன் பங்காக இன்னொரு 1.20 லட்சம் போடுகிறது. அசல் 1.20 லட்சத்தில் மத்திய, மாநிலப் பங்கு 60:40. ஆக 2.40 லட்சத்தில் டெல்லியிலிருந்து வருவது 72,000 ரூபாய். சென்னையிலிருந்து வருவது 1.68 லட்சம். திட்டத்துக்கு யார் பெயர் வைப்பது என்ற சண்டைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வீடு கட்டுகிறவருக்கு இரண்டாம் பட்சம். இரண்டு பங்கும் ஒரே நேரத்தில் கணக்குக்கு வருமா என்பதுதான் அவருடைய கேள்வி.

பில் எப்போது வரும்?

மானியம் மொத்தமாகக் கையில் தரப்படுவதில்லை. கனவு இல்லத்தில் நான்கு கட்டம்: பேஸ்மட்டம் எழும்பியதும் ஒரு தவணை, ஜன்னல், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை) மட்டம் வந்ததும் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, பூச்சு வேலை முடித்து வெள்ளையடித்ததும் கடைசித் தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிய அலுவலகத்தின் ஓவர்சியர் வந்து அளந்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு செல்போனில் படம் எடுத்து ஏற்றினால்தான் பில் நகரும். பணம் நேராக பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஏன் இப்படி? பழைய காலத்தில் பணம் வாங்கியவர்கள் பாதியில் நிறுத்தியதும், கட்டாத வீட்டுக்கு பில் போட்டதும் நிறைய நடந்தன. கட்டிய அளவுக்கே பணம் என்ற விதி அதைத் தடுக்கிறது. படம் எடுக்கும் முறை வந்த பிறகு ஒரே வீட்டை இரண்டு கணக்கில் காட்டுவது நிச்சயமாகக் கடினமாகிவிட்டது. நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்த விதிக்குள் ஒரு அனுமானம் இருக்கிறது. பேஸ்மட்டம் எழுப்ப மண்வேலை, கருங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி வேண்டும். முதல் தவணை வருவதற்கு முன்னால் நடக்கும் இந்த வேலைக்கு யார் பணம்? பயனாளியின் பணம். அதாவது கையில் சில பத்தாயிரங்கள் வைத்திருப்பவராகவோ, அதைப் புரட்டக் கூடியவராகவோ பயனாளி இருக்க வேண்டும். குடிசையில் இருப்பதற்குக் காரணமே அந்தப் பணம் இல்லாததுதான். மத்திய அரசு வீட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை ஒப்புதல் ஆணை கிடைத்ததும் முதல் தவணையைத் தந்துவிடச் சொல்கிறது. அதில் ஏமாற்று வேலைக்கு இடம் கொஞ்சம் அதிகம், ஆனால் ஏழைக்கு முதல் அடி எடுத்து வைக்க வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் தவணையைச் சிறியதாகவாவது முன்கூட்டியே தருவதுதான் சரி. பத்துப் பேரில் ஒருவர் அதைச் செலவழித்துவிடுவார் என்பதற்காக ஒன்பது பேரை வட்டிக்காரரிடம் அனுப்ப வேண்டாம்.

இன்னொரு சிக்கல் இடம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டாவது மனை கிடையாது. இருக்கிற குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும். தோண்டிய நாள் முதல் குடும்பம் தார்ப்பாய்க்கு அடியிலோ, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ. பணி ஆணை ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் தளம் போடும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்குத் தினவாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஓவர்சியருக்குப் பல ஊராட்சி. அவர் வருவதற்கு ஒரு வாரம் தள்ளினால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்த ஒரு வாரத்துக்குத்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மகளிர் குழுக் கடன், கூட்டுறவு வங்கிக் கடன் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. அவசரத்துக்கு முதலில் கை நீளுவது தெரிந்த வட்டிக்காரரிடம்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் முழுவதும் அரசால் வருவதில்லை. 360 சதுர அடிக்கு ஆணை வாங்கிவிட்டு, 'வாழ்க்கையில் ஒரு தடவை கட்டுறோம், பையனுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும்' என்று 500 சதுர அடிக்கு வானம் தோண்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் நினைப்பதில் தவறும் இல்லை. ஐந்து பேர் வாழ 300 சதுர அடி தளம் போதும் என்று தீர்மானித்தது யாரோ ஒரு மேசை. இலங்கையின் வடக்கு, கிழக்கில் இந்திய அரசின் உதவியோடு சுமார் 46,000 வீடுகள் கட்டும் திட்டம் 2010-க்குப் பிறகு நடந்தது. வீட்டுக்கு 5.50 லட்சம் இலங்கை ரூபாய், பெரும்பாலும் பயனாளிகளே தவணை வாங்கிக் கட்டிக்கொள்ளும் முறை. அங்கேயும் இதே காட்சிதான்: மானியத்துக்கு மேல் சொந்தப் பணம் போட்டு, அதற்காகக் கடன்பட்டவர்கள் பலர்.

பட்டியலும் பட்டாவும்

தவணை எல்லாம் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. மத்தியத் திட்டத்துக்கு அடிப்படை 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. வீடற்றவர், ஒரு அறை மண் வீடு, இரண்டு அறை மண் வீடு என்று வரிசைப்படுத்தி, அதிலிருந்து சிலரைக் கழிப்பார்கள். கழிப்பதற்கான காரணங்களில் 2024 வரை இருசக்கர வாகனம், குளிர்சாதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி மூன்றும் இருந்தன. பழைய டூவீலர் ஒன்றை வாங்கி மீனோ காய்கறியோ விற்கப் போகிறவர், அந்த வண்டியால் வீட்டை இழந்தார். 2024-ல்தான் அந்த மூன்றையும் நீக்கி, மாத வருமான வரம்பையும் 10,000-லிருந்து 15,000 ஆக்கினார்கள். 2011-ல் எடுத்த பட்டியலை 2024 வரை இந்த அளவுகோலோடு ஓட்டியதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. விட்டுப்போனவர்களுக்காக இடையில் இன்னொரு கணக்கெடுப்பு நடந்ததும் உண்மைதான்.

மாநிலத்திடம் வேறு பட்டியல். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்துக்காக கிராமங்களில் இருந்த குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். 21 லட்சம் அளவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. அதன் இடத்தில் முதலமைச்சரின் சூரியஒளி சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது: 300 சதுர அடி, தொடக்கத்தில் 1.80 லட்சம், பிறகு 2.10 லட்சம், ஆண்டுக்கு 60,000 வீடு. 2024-ல் கனவு இல்லம் வந்தபோது, 2010-ன் அந்தப் பழைய கணக்கெடுப்பைத் தூசு தட்டி மறு சரிபார்ப்பு செய்தார்கள். இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் அன்று குடிசையில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் கல்யாண வயதை நெருங்கியிருந்தார்கள்.

தேர்வு செய்த பட்டியலை கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பட்டியலில் இல்லாதவர் கேள்வி கேட்கவும், தகுதியில்லாதவர் பெயரைச் சொல்லி எதிர்ப்பு தெரிவிக்கவும் இதைவிட நேரான இடம் கிடையாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய், பிறகு தீர்மானம் எழுதும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் சாகவில்லை.

அப்புறம் பட்டா. சொந்த இடமும் பட்டாவும் இருந்தால்தான் மானியம். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கோயில் நிலம், புறம்போக்கு என்று குடிசை போட்டிருப்பவர்கள்தான் இருப்பவர்களிலேயே ஏழைகள். அவர்கள் முதல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆட்சேபணை இல்லாத புறம்போக்காக இருந்தால் வரன்முறை செய்து பட்டா தர வழி உண்டு. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் இல்லை. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் இருந்தால் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். இறந்த அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும். வீட்டுத் திட்டத்தை நடத்துவது ஊரக வளர்ச்சித் துறை, பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. ஒன்றியத்தின் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் இலக்கை முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும்; தாலுகா அலுவலகத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. அதனால் ஒன்றிய அலுவலகம் என்ன செய்யும்? பட்டா தயாராக இருப்பவரை முதலில் எடுத்துக்கொள்ளும். இலக்கு முடிந்துவிடும், பட்டா இல்லாதவர் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்படுவார்.

ஊருக்கு வரும் பணம்

தனி வீட்டை விட்டு ஊருக்கு வந்தால், விதியின் பலம் இன்னும் தெளிவாகத் தெரியும். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. 2006-07-ல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளை ஐந்தாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பகுதியாக, ஒவ்வொரு ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய். எல்லோருக்கும் சமம், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஊராட்சிகள் சமமாக இல்லை. இரண்டு மூன்று குக்கிராமம் மட்டுமே உள்ள ஊராட்சியும் இருக்கிறது. மலையடிவாரத்தில் சிதறிக் கிடக்கும் ஐம்பது, நூறு குக்கிராமங்களைச் சுமக்கும் ஊராட்சியும் இருக்கிறது. இருவருக்கும் 20 லட்சம் தந்தால் பெரிய ஊராட்சியில் பணம் எங்கே போகும்? தலைவர் வீடு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் இருக்கும் தாய் கிராமத்துக்குத்தான். கடைக்கோடியில் இருக்கும் காலனிக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

2011-12-ல் வந்த தாய் திட்டம், அதாவது தமிழ்நாடு குக்கிராமங்கள் மேம்பாட்டுத் திட்டம், இந்தக் குறையைப் பிடித்தது. ஊராட்சியை விட்டுவிட்டு குக்கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது. கணக்கில் வந்தவை 79,394 குக்கிராமங்கள். சராசரியாக ஒரு ஊராட்சிக்கு ஆறுக்கும் மேல். குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஊராட்சிக்கு 20 லட்சத்திலிருந்து 1 கோடி வரை ஒதுக்கினார்கள். குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானப் பாதை ஆகிய ஐந்தும் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை. மயானப் பாதை இந்தப் பட்டியலில் இருப்பதன் அர்த்தம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எந்தத் தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது என்ற சண்டையில் பாதி, காலனிக்குத் தனிப்பாதை இல்லாததால் வந்தது. ஒரு அரசாணையில் அலகின் பெயரை மாற்றியதும் பணம் ஊரின் வேறு மூலைக்குப் போனது. இரண்டு திட்டமும் இரண்டு கட்சி ஆட்சியில் வந்தவை. எதிரெதிர் முகாமில் நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 2021-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாம் கட்டமாகத் திரும்பவும் வந்தது.

நமக்கு நாமே திட்டத்தின் விதி வேறு மாதிரி வேலை செய்கிறது. 1997-98-ல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயருக்கே திரும்பியது. வேலையின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். ஊர் தன் பணத்தைப் போட்டால் வேலையின் தரத்தைத் தானே கவனிக்கும் என்பது நோக்கம், அது பலிக்கவும் செய்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஆள் இருக்கும் ஊர், பழைய மாணவர்கள் பணம் திரட்டும் பள்ளிக்கூடம், பெரிய ஆலை பக்கத்தில் இருக்கும் ஊராட்சி ஆகியவற்றுக்கு இது வரம். கூலி வேலைக்காரர்கள் மட்டுமே இருக்கும் ஊர் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போகும்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும்கூட அவர்களுக்குப் பெரிய பணம்.

மத்திய நிதிக் குழு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைக்கும் மானியத்தில் பிரச்சினை வேறு. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்குப் பரிந்துரைத்ததில், ஊரக உள்ளாட்சிக்கு வரும் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டும் என்று கட்டு இருந்தது. ஊராட்சித் தலைவர்கள் இதைக் குறைசொல்வார்கள்: 'எங்க ஊர்ல தண்ணி இருக்கு, வாய்க்கால் பாலம்தான் இல்லை'. நியாயமான குறைதான். கட்டில்லாமல் விட்டால் ஏற்கெனவே நன்றாக இருக்கும் தெருவில் மறுபடியும் பேவர் பிளாக் பதிக்கிற வேலைதான் நடக்கும் என்று அதிகாரிகள் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. பேவர் பிளாக் வேலையில் எல்லோருக்கும் ஏன் அவ்வளவு பிரியம் என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தப் பணத்துக்கு இன்னொரு நிபந்தனை, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருக்க வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இருந்தபோது மத்திய நிதிக் குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போவது அரசியல் செய்தியாகப் பேசப்படுகிறது. தெருக்குழாய் மோட்டார் பழுதாகி மாற்றப் பணமில்லாமல் நிற்பது அதன் மறுபக்கம்.

கட்டிய வீடு ஒழுகும்போது

வீட்டுத் திட்டங்களில் அதிகம் பேசப்படாதது பழுது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய தொகுப்பு வீடுகளில் இன்றைக்குப் போய்ப் பாருங்கள். தளத்தின் அடிப்பக்கம் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரியும். மழை பெய்தால் உள்ளே நாலு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். சில வீடுகளில் பிள்ளைகளை உள்ளே தூங்க விடுவதில்லை, வெளியில் ஓலைக் கொட்டகை போட்டு அதில் படுக்கிறார்கள். அரசுக் கணக்கில் இவர்கள் கான்கிரீட் வீட்டுக்காரர்கள். 'ஏற்கெனவே வீடு வாங்கியவர்' என்பதால் புதிய திட்டத்தில் இடமில்லை. பழுது பார்க்க அவர்களிடம் பணமும் இல்லை. புது வீட்டுக்குச் சாவி கொடுக்கும் படம் எடுக்கலாம். ஒழுகலை அடைத்ததைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? ஆகவே பல பத்தாண்டுகளாக ஊரகப் பணம் புது வீட்டுக்கே போனது.

2024-ல்தான் ஊரக வீடுகளைப் பழுது பார்க்கப் பெரிய அளவில் திட்டம் வந்தது: 2000-01-க்கு முன்னால் அரசு கட்டிக் கொடுத்த 2.50 லட்சம் வீடுகள், 2,000 கோடி ரூபாய். சராசரியாக வீட்டுக்கு 80,000. புது வீட்டுக்கு ஆகும் மானியத்தில் கால் பங்கில் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இருக்கும் ஆபத்து தீரும் என்றால், மானியப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு குறைவு. பழுது பார்க்கவே முடியாத நிலையில் இருப்பவற்றை இடித்துக் கட்ட 2025-26 பட்ஜெட்டில் முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் என்று 25,000 வீடுகளுக்கு 600 கோடி அறிவித்தார்கள்.

இங்கே கேட்க வேண்டியது, அந்த 2000-01 என்ற எல்லைக்கோட்டைப் பற்றி. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு என்ன வழி? 2011-12-ல் கட்டத் தொடங்கிய பசுமை வீடுகளுக்கு 2036-ல் 25 வயதாகும். கடலோரத்தில் உப்புக்காற்று படும் வீடுகள் அத்தனை வருடம் காத்திருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு திட்டம், புதிதாக ஒரு பெயர், புதிதாக ஒரு கணக்கெடுப்பு என்று போகாமல், ஊராட்சியிடமே வருடா வருடம் ஒரு சிறு பழுது நிதி இருந்தால், பத்தாவது வருடமே விரிசலை அடைத்துவிடலாம். இப்போதைக்கு அப்படி ஒரு தலைப்பு ஊராட்சிக் கணக்கில் கிடையாது. அடுத்த கிராம சபையில் யாராவது எழுந்து கேட்டால், தீர்மானப் புத்தகத்தில் அதையும் எழுத வைக்கலாம்.